ராமசாமி வீட்டுத் தோள்கள்

காசு கொடுத்துத் தங்க வருகிறவனுக்குப் பசிக்காது, காசு கொடுக்காமல் தங்குகிறவனுக்குத்தான் நன்றாகப் பசிக்கும் என்பது சுபத்ராவின் தீர்மானமான கருத்து. இரண்டாம் வகையைத்தான் அவளுக்குப் பிடிக்கும். போட்டதைத் தின்பார்கள், சொன்னதைச் செய்வார்கள், தட்டையும் கழுவி வைப்பார்கள்.

தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவுக்கும் மேலே, லோரியே மூச்சு வாங்கி ஏறுகிற முகட்டில் ஒரு பழைய துரை பங்களா இருக்கிறது. கீழே தானா ராத்தா டவுன்காரரான எட்ரியன் அதை எடுத்து லாட்ஜ் ஆக்கியிருந்தார். சமையல், சாவிக்கொத்து, அதட்டல் மூன்றும் சுபத்ராவின் பொறுப்பு. மற்ற வேலைக்கு எட்ரியன் சம்பள ஆள் யாரையும் வைக்கவில்லை. ஊர் சுற்றக் கிளம்பிய பிள்ளைகள் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டுத் தாங்களாகவே வந்து சேர்ந்தார்கள். படுக்க இடம், மூன்று வேளைச் சாப்பாடு, பதிலுக்கு அரைநாள் வேலை. வோலன்டியர் என்று பேர். டிக்கெட் போட்டுக் கடல் தாண்டி வந்து கக்கூஸ் கழுவும் ஜாதியைச் சுபத்ரா முதலில் சந்தேகத்தோடுதான் பார்த்தாள். பிறகு பழகிவிட்டது. எல்லோரிடமும் தமிழில்தான் பேசுவாள். அவர்களுக்குப் புரிந்தும் தொலைத்தது.

அந்த வருஷம் திருவிழாவுக்குக் கொடியேறுவதற்கு முன் தோட்டத்து அம்மன் கோயில் தலைவர் அமிர்தலிங்கம் மேட்டில் ஏறி வந்தார். டீயை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் விஷயத்தை எடுத்தார்.

"தங்கச்சி, தப்பா நெனைக்காதே. மூணாம் நாள் உபயத்த மணியம்மா வீட்டுக்குக் குடுத்துடலாம்னு கமிட்டியில பேசிக்கிறாங்க. பல்லக்குத் தூக்க ஆறு தோள் வேணும். ஒன் வீட்ல ஆம்பள யாரு இருக்கா? போன வருஷமே நான்தான் லைன் லைனாப் போயி ஆளுங்களக் கெஞ்சுனேன்."

"கூலிக்கு ஆள் வெச்சுக்கிட்டா?"

"அது நம்ம வழக்கத்துல இல்லல்லா. உபயக்காரங்க வீட்டுச் சொந்தத் தோள்தான் ஏறணும். கூலி குடுத்துத் தூக்குனா அது சாமி இல்ல, சாமான்."

மூன்றாம் நாள் உபயம் சுபத்ராவின் புருஷன் ராமசாமி பிடித்து வைத்த உபயம். தோட்டத்தில் தேயிலைக்கு மருந்தடித்த மனிதர், போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாகிறது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஒலிபெருக்கியில் 'ராமசாமி குடும்பத்தார்' என்று தொழிலாளர் லைன் வீடுகள் முழுக்கக் கேட்கும்படி சொல்வார்கள். மற்ற நாளெல்லாம் அந்தப் பேரைச் சொல்ல ஒருவருக்கும் வேலையில்லை. உபயம் கைமாறினால் அந்த ஒரு நாளும் போச்சு.

சிங்கப்பூரில் இருக்கும் மகன் குகனுக்குப் போன் போட்டாள். "லீவு இல்லம்மா. அடுத்த வருஷம் பாக்கலாம்லா" என்றான். போன வருஷமும் இதே பாட்டைத்தான் பாடினான்.

கோபத்தோடு போனை வைத்துவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வெளியே வோலன்டியர் பையன்கள் படுக்கை விரிப்புகளைப் பிழிந்து காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாலந்திலிருந்து வந்த யோரிஸ் என்கிற ஒட்டகச்சிவிங்கி, கொரியாவிலிருந்து வந்த குட்டை மின்ஹோ, மீசை முளைத்த சிலி நாட்டு அண்ணன் தம்பி, எப்போதும் தும்முகிற இரண்டு இங்கிலீஷ்காரர்கள். ஆறு பேர். பன்னிரண்டு தோள். ஒன்றுக்கும் கூலி கிடையாது.

அன்று ராத்திரிச் சாப்பாட்டிலேயே கேட்டுவிட்டாள். சாமியைத் தூக்க வருகிறீர்களா? கரும்பு தின்னக் கூலியா! ஆறு பேரும் கைதட்டினார்கள். எவ்வளவு தூரம் என்று யோரிஸ் கேட்டான். "கொஞ்ச தூரம்" என்றாள். தோட்டத்தில் கொஞ்ச தூரம் என்றால் என்னவென்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது, பாவம்.

சாமி தூக்குகிறவர்கள் இருக்க வேண்டிய விரதத்தைப் பற்றி மட்டும் அவள் மூச்சு விடவில்லை. மறுநாளிலிருந்து லாட்ஜில் கோழி நின்றது. மீன் நின்றது, முட்டையும் நின்றது. கேட்டதற்கு, வழியில் மண் சரிந்து லோரி வரவில்லை என்றாள். திரிங்காப் ஊரிலிருந்து முட்டைகோஸ் மட்டும் எப்படி வந்தது என்று கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை. யோரிஸ் மட்டும் விறகுக் கொட்டகைக்குப் பின்னால் சார்டின் டின்னும் கையுமாக மாட்டிக்கொண்டான். சுபத்ரா அவனை அங்கேயே உட்கார வைத்து ஒரு பேசின் மஞ்சள் தண்ணீரைத் தலையோடு ஊற்றினாள். அந்த மலைக் குளிரில் அவன் போட்ட கத்தலுக்கு லைன் வீட்டு நாய்கள் பதில் சொல்லின. ஹாலந்தில் எதற்கெல்லாமோ சட்டம் இருக்கலாம், இதற்கு இருக்காது.

பூனை மாதிரி குறுக்கே வந்தவர் எட்ரியன்தான். போனில் கூப்பிட்டார். "அக்கா, வெள்ளிக்கிழம கேஎல்ல இருந்து ஒரு குரூப் வருது. பெரிய டின்னர். வோலன்டியர் ஒருத்தரும் எங்கயும் போகக் கூடாது."

வெள்ளிக்கிழமைதான் மூன்றாம் நாள்.

"சரிங்க பாஸ்" என்றாள் சுபத்ரா. எட்ரியனிடம் அவள் இதுவரை முடியாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சரி என்று சொல்லிவிட்டுத் தன் பாட்டைப் பார்ப்பதுதான் அவள் வழி.

வெள்ளி சாயங்காலம் கோலாலம்பூர் கூட்டம் வந்து இறங்கியது. "இன்னைக்கு டின்னர் கீழ கோயில்ல. ஸ்பெஷல்" என்று சொல்லி எல்லோரையும் ஓட்டிக்கொண்டு போய் அன்னதானப் பந்தியில் உட்கார வைத்தாள். அவர்கள் இலையைப் படம் பிடித்தார்கள், ரசத்தைப் படம் பிடித்தார்கள், ஒருத்தி அப்பளத்தோடு சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டாள்.

வேட்டி கட்டிய ஆறு பேர் பல்லக்கைத் தூக்கியபோது லைனே வாசலுக்கு வந்துவிட்டது. யோரிஸ் நின்ற பக்கம் பல்லக்கு வானத்துக்குப் போக, மின்ஹோ பக்கம் ஆத்தா சறுக்கி இறங்கப் பார்த்தாள். "நெட்டையா, முட்டிய மடக்குடா!" என்று சுபத்ரா போட்ட சத்தத்தில் அவன் மடக்கியவன்தான், கடைசி வரை வாத்து நடையாகவே நடந்தான். மணியம்மா தன் நாலு மருமகன்களோடு வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பாதி வழியில் மின்ஹோவின் காலில் அட்டை ஏறியது. அட்டையை அவன் ஜென்மத்தில் பார்த்ததில்லை போலிருக்கிறது. தோளை உருவிக்கொண்டு டீச்செடிக்குள் ஓடியே போனான். தூக்கிய பல்லக்கைக் கோயில் சேரும் முன் தரையில் வைக்கக் கூடாது. ஒரு பக்கம் சாய ஆரம்பித்தது. சுபத்ராவுக்கு உயிரே போய்விட்டது.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி எட்ரியனின் கார் வந்து நின்றது.

"அக்கா! என்னா இது? லாட்ஜ்ல ஒரு ஈ காக்கா இல்ல!"

"திட்டுங்க பாஸ், நல்லாத் திட்டுங்க. அதுக்கு முன்ன சப்பாத்தக் கழட்டிட்டு இதக் கொஞ்சம் புடிங்க."

"நான் சர்ச்சுக்குப் போறவன்க்கா!"

"ஆத்தா ஐசி கார்டுல மதம் பாக்க மாட்டா தம்பி. தோளத்தான் பாப்பா."

பதில் யோசிப்பதற்குள் எட்ரியனின் தோளில் கட்டை ஏறிவிட்டது. ஏறியதை இறக்க முடியாது. கோயில் வரும்வரை அவர் திட்டிக்கொண்டேதான் தூக்கினார், ஆனால் நன்றாகத் தூக்கினார்.

கோயில் வாசலில் சாமியை இறக்கி வைத்தாயிற்று. அமிர்தலிங்கம் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு பேரைப் படிக்காமல் நின்றார்.

"இது சரியில்ல சுபத்ரா. இவங்க லாட்ஜ் ஆளுங்க. வேலைக்காரங்கள வெச்சுத் தூக்கிட்டு, சொந்தத் தோளுன்னு நான் எப்படிப் பேரு படிக்கிறது?"

இவ்வளவு தூரம் வந்தும் அந்தப் பேர் இல்லையா? அழுதுவிடுவோமோ என்று சுபத்ராவுக்குப் பயமாக இருந்தது. அழவில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டிருந்த எட்ரியன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, இவங்களுக்கு எவ்ளோ சம்பளம் குடுக்குறீங்க?"

எட்ரியன் நெளிந்தார். "சம்பளம்னு... ஒண்ணும் இல்லக்கா."

"மைக்குல சொல்லுங்க தம்பி. பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல."

அமிர்தலிங்கத்தின் கையிலிருந்த மைக்கை அவளே பிடித்து எட்ரியனின் வாயருகே நீட்டினாள். "சம்பளம் இல்ல. சாப்பாடு மட்டும்தான்" என்று முதலாளியின் குரல் மலை முழுக்கக் கேட்டது. லைன் சனம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது.

"கேட்டீங்களாண்ணே? வீட்டுக்கு வர்றாங்க, சொன்ன வேலையச் செய்றாங்க, போட்டதச் சாப்புடுறாங்க, காசு கேக்குறதில்ல. நான் பெத்தது கூட இப்படி இல்ல. சொந்தம்னா வேற என்னாண்ணே?"

முதலில் வாயைத் திறந்தது மணியம்மா. "படிங்க தலைவரே. ஆத்தா எவ்ளோ நேரம் நிப்பா?"

அமிர்தலிங்கம் தொண்டையைச் செருமினார். "இன்றைய உபயம், மேல் பிரிவு, அமரர் ராமசாமி குடும்பத்தார். குடும்பத்தார் முன்னால் வந்து மாலை வாங்கிக்கொள்ளவும்."

சுபத்ராவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. துடைக்கக்கூட இல்லை. பிள்ளைகள் வரிசையாகத் தலையைக் குனிந்தார்கள். அட்டை கடித்த காலோடு மின்ஹோவும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துகொண்டான். எட்ரியன் மட்டும் மெல்ல நழுவிக் கார்ப் பக்கம் நடந்தார். சுபத்ரா எட்டி அவர் சட்டையைப் பிடித்தாள்.

"எங்க போறீங்க தம்பி? நீங்களும் சம்பளம் வாங்காமத்தானே தூக்குனீங்க."