நாடி தேடிய விரல்கள்

சுருட்டுப் பழக்கத்தால் என் வலது கால் மரத்து, விரல் கறுக்கத் தொடங்கியது. காலை எடுத்துவிடுவார்களோ என்ற பயத்துடன், ஜட்கா பிடித்துத் திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன்.

ரத்த ஓட்டம் பார்க்க டாக்டர் என் பாதத்தைத் தொட்டார். டாக்டர் போய் என் காலைத் தொடுவதா என்று கூசி, இழுத்துக்கொண்டேன்.

"ஏய்யா, நான் என்ன உன்னைக் கும்பிடவா வந்தேன்? நாடி பாக்கணும், ஆட்டாம வை. கூட யாரு வந்திருக்கா?"

"யாருமில்லீங்க. வீட்டுலயும் நான் மட்டுந்தேன்."

அவர் என் பாதத்தின் மேலும் கணுக்காலுக்குப் பின்னும் விரல்களால் மெல்லத் தேடினார். மனைவி இறந்தபின் என்னை யாரும் தொட்டதில்லை.

"இருக்குய்யா! மெதுவாத் துடிக்குது. சுருட்டை விட்டுட்டீன்னா கால் தப்பிச்சிரும்."

அன்றே விட்டேன், கால் பிழைத்தது. ஆனால் வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்: அவர் விரல்களை எடுத்தபோது, இன்னும் சிறிது நேரம் தேடியிருக்கலாமே என்றுதான் எனக்குத் தோன்றியது.