கைதட்டலைக் குறித்து நான் எழுதிய தாள்

கேரளத்துத் தேவிகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தினக்கூலித் துப்புரவுப் பணியாளன். தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்றதும் தோட்டம் தந்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டமையால், இக்கூலி நின்றால் வாடகை வீடும் நில்லாது. ஆண்டுதோறும் என் பணி நீட்டிப்பில் கையொப்பமிடுபவர் கண்காணிப்பாளர். அவர் எங்களைக் கைதட்டியே அழைப்பார்.

புதிதாக வந்த அதிகாரி, ஊழியர்களின் மனக்குறையை அறிந்தால்தான் வேலையில் ஈடுபாடு வளரும் என்று கூறி, வராந்தாவில் ஒரு பூட்டிய பெட்டியை வைத்தார். பெயர் எழுத வேண்டியதில்லை என்றார். அதை நம்பி, "கண்காணிப்பாளர் கைதட்டாமல் பெயர் சொல்லி அழைத்தால் எங்களுக்கு வேலையில் மனம் ஒட்டும்" என்று எழுதிப் போட்டேன்.

தேநீர் கொண்டுவரும் உதவியாளர்ப் பெண் கேட்டாள்:

"என்ன அண்ணாச்சி, போட்டாச்சா? மலையாளம் எழுத வராதே உங்களுக்கு?"

"தமிழில்தான் எழுதினேன்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு போங்க! தமிழ் பேச இங்க நெறைய பேரு. எல்லாரும் படிச்சது மலையாளம். தமிழ்ல எழுதுறது நீங்க ஒரு ஆளுதான். அதுக்கு உங்க போட்டோவையே ஒட்டிப் போட்டிருக்கலாம்!"

எவரும் காணாத வேளையில் பெட்டியின் துளைக்குள் விரல் நுழைத்துத் துழாவினேன். தாள் எட்டவில்லை.

மறுநாள் கூட்டத்தில் அதிகாரி தாள்களை ஒவ்வொன்றாக வாசித்தார். ஒரு தாளில் நிறுத்தினார். அதைப் படிக்க அவருக்குத் தெரியவில்லை. யாருக்கேனும் தெரியுமா என்று கேட்டார். அனைவரும் என்னைத் திரும்பிப் பார்த்தனர். கண்காணிப்பாளரும் பார்த்தார்.

தாள் என் கைக்கு வந்தது. கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மாற்றிப் படித்துவிடலாமா என எண்ணினேன். அந்த எழுத்தைப் படித்துச் சரிபார்க்க அங்கு வேறு யாருமில்லை. ஆயினும் பொய் நாவில் வரவில்லை, எழுதியபடியே படித்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "கொறச்சு உச்சத்தில்," சற்று உரக்கப் படி என்றார் அதிகாரி. மீண்டும் படித்தேன்.

இன்று காலை கண்காணிப்பாளர் தம் அறையிலிருந்து என்னை அழைத்தார். கைதட்டவில்லை, என் பெயரை, தந்தை பெயரோடு சேர்த்து, நிறுத்தி உச்சரித்தார். பணி நீட்டிப்புத் தாளில் மட்டுமே என் பெயர் அவ்வாறு இருக்கும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவ்வறையை நோக்கி நடந்தேன்.