பச்சைத் திரையும் வராத கோழியும்

"வாடிக்கையாளர் மகிழ்ச்சித் தூதர்: எப்போதும் மலர்ந்த முகமும் துள்ளலான குரலும் உடையவர். இளமைத் துடிப்பு மிக்கவர். 'இல்லை' என்ற சொல்லை அறியாதவர்."

பொரித்த கோழி விற்கும் அந்தக் கடையின் பின்னறையில், கைகழுவும் தொட்டிக்கு மேலே இந்த வாசகம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்குக் கீழே நின்று முடியை வலைத்தொப்பிக்குள் திணித்துக்கொண்டிருந்த தூதருக்கு வயது ஐம்பத்திரண்டு. அவர் முகம் மலர்ந்து பார்த்ததாக அவருடைய கணவரே சத்தியம் செய்யமாட்டார். குரல் துள்ளாது, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும். 'இல்லை' என்ற சொல்லைப் பொறுத்தவரை, அதை வைத்தே இருபது வருடம் சோறு தின்றவர். கடையில் எல்லோருக்கும் அவர் அக்கா. அம்மா என்று கூப்பிடும் வயதில் இருந்தவர்களுக்கும் அக்காதான்.

முன்பு அவர் பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் இருந்தார். அந்த வேலைக்கு இரண்டு சொற்கள் போதும்: 'போயிடுச்சு', 'வரல'. இந்த இரண்டையும் அவர் ஒருமுறைகூட மாற்றிச் சொன்னதில்லை என்பது அவருக்கிருந்த ஒரே கர்வம். "போயிடுச்சுன்னா ஜனங்க வேற வழி பார்ப்பாங்க. வரலைன்னா உட்கார்ந்திருப்பாங்க. மாத்திச் சொன்னா ரெண்டும் கெட்டுப்போகும்" என்பார். பிறகு நிலையத்தில் பதிவு செய்த பெண்குரல் ஒன்றை நியமித்தார்கள். பேருந்து பாதி வழியில் பழுதாகி நின்றாலும் அந்தக் குரலுக்கு உற்சாகம் குறையாது. அக்கா வீட்டுக்கு வந்தார்.

வீடு நான்காவது மாடி. கணவர் ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. முழங்கால் போன பிறகு அவர் கீழே இறங்குவது மருத்துவரைப் பார்க்க மட்டும்தான். ஆக வீட்டில் நடமாடும் கால்கள் இரண்டுதான் மிச்சம். அவை அக்காவுடையவை. கோழிக்கடைக்காரர்கள் மூன்று மாதத் தற்காலிகத்தில் அவரை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அந்த வாரம் வேறு யாரும் வராததுதான்.

வேலைக்கான பெயர்ப்பட்டையை முதல்நாள் கணவரிடம் காட்டினார். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"மகிழ்ச்சித் தூதரா? நீயா?"

"ஏன், எனக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. நம்ம வீட்டுப் பக்கமும் அப்பப்போ தூது அனுப்பிவிடு."

கடையில் ஏமாற்றத்துக்குப் பஞ்சமில்லை. கால் கேட்டவருக்கு இறக்கை வரும். மொறுமொறுப்பு என்று எழுதிய பெட்டிக்குள் ஈரத் துணி மாதிரி ஒன்று கிடக்கும். "உங்கள் ஏமாற்றம் எங்கள் ஏமாற்றம்" என்று சொல்லப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். அக்கா அதைச் சொல்லவில்லை. மேலாளர் காரணம் கேட்டபோது, "அவங்களுக்கு மிஞ்சினதே அது ஒண்ணுதான். அதையும் நாம பிடுங்கிக்கணுமா தம்பி?" என்றார்.

சுவரிலிருந்த படத்தைக் காட்டி ஒருவர், "இதுல கால் இவ்வளவு பெருசா இருக்கே?" என்று சண்டைக்கு நின்றார்.

"அது படத்துக்குன்னு வளர்ந்த கோழிங்க. இது கடைக்கு வளர்ந்தது."

அவர் திருப்தியடையவில்லை. ஆனால் சண்டையை அதற்கு மேல் எப்படி நடத்துவது என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். விசித்திரம் என்னவென்றால், சிரித்து மன்னிப்புக் கேட்ட தூதர்களைத் திட்டியவர்கள், சிரிக்காத அக்காவை நம்பினார்கள். பேருந்து நிலையத்துக் குரல் அது. உள்ளதைச் சொல்கிறது என்று காது கண்டுகொள்ளும்.

அந்தக் கிளையில் ஒரு வழக்கம் இருந்தது. கவுண்டருக்கு மேலே ஒரு திரை. பணம் கட்டியதும் வாடிக்கையாளரின் எண் அதில் பச்சையாக ஏறும். கோழியைக் கையில் கொடுத்ததும் தூதர் 'கொடுத்தாச்சு' என்ற பொத்தானை அழுத்தவேண்டும், எண் மறையும். நேரம் கடந்து தங்கும் எண் சிவக்கும். சிவந்தால் தலைமையகத்தில் தெரியும். தலைமையகத்துக்குச் சிவப்பு ஆகாது. ஆகவே, சிவக்கப்போகும் எண்ணைக் கோழி வருமுன்பே அழுத்தி அனுப்பிவிடுவார்கள்.

இதில் ஒரு சிறு சங்கடம். அதே எண்கள்தான் அடுப்படித் திரையிலும் ஓடும். இங்கே அழுத்தினால் அங்கேயும் மறையும். பிறகு பொரிப்பவரிடம் வாயால் கத்திச் சொல்லவேண்டும்: "ரெண்டு கால், ஒரு நெஞ்சு, காரம்!" காற்றாடி இரைச்சலுக்கும் எண்ணெய்ச் சத்தத்துக்கும் நடுவே அவர் காதில் விழுந்தது கோழியாகும், விழாதது காற்றோடு போகும். கூட்டமில்லாத நாளில் சமாளிக்கலாம். கூட்டம் சேர்ந்தால், திரை எவ்வளவு பச்சையோ கோழி அவ்வளவு தாமதம்.

அக்காவும் அழுத்தினார். புது வேலை, ஊரோடு ஒத்து வாழ். அழுத்தும்போதெல்லாம் 'வரல' என்று உதட்டுக்குள் சொல்லிக்கொள்வார். பக்கத்துக் கவுண்டர் பெண் அதை ஏதோ மந்திரம் என்று நினைத்திருந்தாள்.

தற்காலிகம் முடிகிற நாள் சனிக்கிழமையாக அமைந்தது. அன்றே தலைமையகத்து மேற்பார்வையாளர் அம்மாள் மூலை மேசையில் டேப்லெட்டோடு வந்து உட்கார்ந்தார். அவர் தலையாட்டினால் அக்காவுக்கு வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீடு. மேலாளர், "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் திரை பச்சையா இருக்கட்டும். மிச்சத்தை நான் பேசிக்கறேன்" என்று கெஞ்சினார். கூடம் நிரம்பி வழிந்தது. திரை புல்வெளி போல இருந்தது.

அப்போது ஒருவர் கவுண்டருக்கு வந்தார். பின்னாலேயே அவருடைய மாமியார். மருமகன் முதன்முதலாக வெளியே சாப்பிட அழைத்து வந்திருக்கிறார் என்பது அந்த அம்மாள் உடுத்தியிருந்த நல்ல புடவையில் தெரிந்தது.

"எங்க நம்பர் எங்கங்க? இருந்துச்சு, காணோம்."

மேலாளர் எட்டிப் பார்த்தார். "சார், உங்களுக்குக் குடுத்தாச்சுன்னு காட்டுது."

"எனக்கா? யார் குடுத்தா?"

"ஸ்கிரீன்ல அப்படித்தான் இருக்கு சார்."

"அப்ப ஸ்கிரீன்தான் சாப்பிட்டிருக்கும்."

மாமியார் மருமகனை மேலும் கீழும் பார்த்தார். "மாப்பிள்ளை, தண்ணி எடுத்துட்டு வரேன்னு போனீங்களே… வழியில நீங்களே முடிச்சுட்டீங்களா?"

"அத்தை! நான் அப்படிப்பட்டவனா?"

"எனக்கெப்படித் தெரியும்? கல்யாணம் ஆகி ஒரு வருஷம்தானே ஆகுது."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மருமகனின் காது சிவந்தது. அந்த நேரத்தில் கடையில் சிவப்பாக இருந்தது அது ஒன்றுதான். மாமியார் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா. பார்த்தா பொய் சொல்ற முகமாத் தெரியல. கோழியைக் குடுத்தீங்களா, இல்லையா?"

மேலாளர் தொண்டையைக் கனைத்தார். மூலை மேசையில் டேப்லெட் நிமிர்ந்தது.

"இல்ல" என்றார் அக்கா. "வரல. இன்னும் பொரிக்கவே இல்லைன்னு நினைக்கிறேன்."

பிறகு கூடத்தைப் பார்த்து, ஒலிபெருக்கி தேவைப்படாத பழைய குரலில் கேட்டார்: "பணம் கட்டிட்டு, கோழி வராதவங்க யாரெல்லாம்? கையைத் தூக்குங்க."

கைகள் எழுந்தன. நிறையவே எழுந்தன. இரண்டு கை தூக்கியவரும் உண்டு.

"அக்கா, அவங்க பார்க்கறாங்க" என்று மேலாளர் கிசுகிசுத்தார்.

"பார்க்கத்தானே தம்பி வந்திருக்காங்க."

"இன்னிக்கு உங்களுக்கு மூணு மாசம் முடியுது. தெரியுமில்ல?"

"தெரியும். நகருங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க."

ஒவ்வொருவரிடமும் கேட்டு ஒவ்வொரு எண்ணையும், பணம் கட்டிய நேரத்தோடு, மறுபடி ஏற்றினார். அடுப்படியிலிருந்து பொரிப்பவர் தலையை வெளியே நீட்டினார். "அக்கா! இவ்வளவு பேரா வெளிய நிக்கறாங்க? நான் கூட்டம் கம்மின்னு நினைச்சு டீ குடிச்சிட்டிருந்தேன்!"

திரை சிவந்தது, மூலைக்கு மூலை சிவந்தது. அது சிவக்கச் சிவக்கப் பெட்டிகள் வெளியே வரத் தொடங்கின. மேற்பார்வையாளர் அம்மாள் பெட்டிகளைப் பார்க்கவில்லை. அவருடைய வேலை திரையைப் பார்ப்பது.

மருமகனுக்கும் கோழி கிடைத்தது. மாமியார் ஒரு துண்டைக் கடித்துப் பார்த்துவிட்டு, குப்பைத்தொட்டிப் பக்கம் வந்த அக்காவிடம், "இதுக்கா இவ்வளவு நேரம்? சுமாராத்தான் இருக்கு" என்றார்.

"ஆமாங்க, சுமார்தான்" என்றார் அக்கா.

தலைமையகத்தின் முடிவு திங்கட்கிழமை வந்தது: பச்சையாக இருந்த கிளை இந்தத் தூதரின் நடவடிக்கையால் சிவந்தது, புன்னகை காணப்படவில்லை, நிரந்தரம் இல்லை. மேலாளர், வேறு யாரும் வரவில்லை என்று சொல்லி அக்காவுக்கு இன்னொரு மூன்று மாதத் தற்காலிகம் வாங்கினார். அது உண்மையும்கூட. கணவர், "பழைய பெயர்ப்பட்டைதானே? இல்ல, பதவி இறக்கமா?" என்று மட்டும் கேட்டார்.

சட்டத்துக்குள் இருந்த வாசகம் மாறவில்லை. அக்கா வழக்கம்போல அதன் கீழே கைகழுவிவிட்டுக் கவுண்டருக்கு வந்தார். கோழியை வாடிக்கையாளரின் கையில் கொடுத்தார். அதன்பிறகு பொத்தானை அழுத்தினார்.