பப்பாளியை மட்டும் தடுத்த வீடு

எங்கள் வீட்டில் வாயும் வயிறுமாக இருப்பவளுக்குப் பப்பாளி ஆகாது. அன்னாசியும் எள்ளும் ஆகாது. உச்சி வெயிலில் புளியமரத்தடியைத் தாண்டக் கூடாது. கிரகணம் பிடிக்கும்போது வாசற்படியை மிதிக்கவே கூடாது. என் மகளைச் சுமந்தபோது இதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் மாமியார் அவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொண்டார். அந்த அக்கறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கறம்பக்குடிப் பக்கம் எங்களுக்கு மல்லிகைக் கொல்லை. வீடும் கொல்லைக்குள்ளேயே இருக்கிறது. மொட்டில் புழு இருந்தால் கமிஷன் கடைக்காரர் கூடையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். அதனால் பூக்காலம் முழுக்கப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டே இருப்போம். மாசமாக இருப்பவளுக்குக் களையெடுப்பு கிடையாது, எருக்கூடை தூக்குவது கிடையாது. அவளுக்கென்று இலேசான வேலை ஒதுக்குவார்கள். டிரம்மில் மருந்தைக் கரைத்துக் கொடுப்பாள். அடிப்பவருக்குப் பின்னாலேயே நடந்து பைப்பை இழுத்து விடுவாள்.

"நீ குனிய வேணாம் தாயி. நின்ன மேனிக்கு பைப்ப மட்டும் இழுத்து விடு, போதும்" என்பார் அத்தை.

மருமகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார் என்று மொட்டு எடுக்க வரும் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பைப்பின் இணைப்பில் மருந்து கசிந்து முழங்கை வரை வழியும். செடிகளுக்கு நடுவே நடந்து முடிப்பதற்குள் புடவை முழங்கால் வரை நனைந்துவிடும். தலை சுற்றுகிறது என்றால் மசக்கை என்பார்கள். வாந்தி எடுத்தால் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொள்ளச் சொல்வார்கள். மசக்கையெல்லாம் தீர்ந்த பிறகும் அதே எலுமிச்சம்பழம்தான்.

மகள் நாள் நிறையும் முன்பே பிறந்தாள். எடை போதவில்லை என்று ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் பிள்ளையைப் பார்த்த கையோடு என்னை விசாரிக்க ஆரம்பித்தார்கள். கிரகணத்தன்று வெளியே வந்தாயா என்று ஒருத்தி கேட்டாள். கோழிக்கூட்டை மூட ஒரு நிமிடம் போனேன் என்று சொல்லித் தொலைத்தேன். அவ்வளவுதான், காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் கோழிக்கூட்டை வைத்தே என்னை வறுத்தெடுத்தார்கள்.

மகள் நிற்கவும் நாளானது, நடக்கவும் நாளானது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கதை பேசும் வயதில் என் மகள் கையைப் பிடித்து இழுத்துத்தான் தண்ணீர் கேட்டாள். டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். வயிற்றில் இருந்தபோது என்ன வேலை பார்த்தாய் என்று முதல்முறையாக ஒருவர் கேட்டார். சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதும்மா. ஆனா மாசமா இருக்கிறவங்க அந்த மருந்து பக்கமே போயிருக்கக் கூடாது. உள்ள இருக்கிற குழந்தைக்கும் அது போகும். எடை குறையலாம், மூளை வளர்றதும் பாதிக்கலாம்" என்றார்.

வீட்டில் வந்து சொன்னேன். என் கணவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, "ஊரே அடிக்குது. எல்லாப் புள்ளையுமா இப்புடி இருக்கு? டாக்டரே உறுதியாச் சொல்லலைங்கிற. அப்பறம் என்ன?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பப்பாளிக்கு இந்த வீட்டில் எவராவது உறுதி கேட்டதுண்டா? புளியமரத்துக்குக் கேட்டதுண்டா? ஒரு கோழிக்கூட்டை நம்பி என்னைக் குற்றவாளியாக்கியவர்களுக்கு, மூக்கைத் துளைக்கும் மருந்து நாற்றத்தை நம்ப மட்டும் ஆதாரம் வேண்டியிருந்தது.

இந்த வருடம் என் கொழுந்தன் மனைவி மாசமானாள். அவளுக்கும் பப்பாளி நின்றது. போன வாரம் காலையில் அடுப்படியில் இருந்தேன். கொல்லையில் மருந்தடிக்கும் இன்ஜின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் கொழுந்தன் முன்னால் அடித்துக்கொண்டு போகிறார், அவள் பின்னால் பைப்பைப் பிடித்துக்கொண்டு போகிறாள். பால் பொங்கி வழிந்தால் வழியட்டும் என்று ஓடினேன். அவள் கையிலிருந்த பைப்பைப் பிடுங்கி வரப்பில் எறிந்தேன்.

"என்ன அண்ணி, பாதியில?" என்றார் கொழுந்தன்.

அத்தை மொட்டுக்கூடையோடு வந்தார். "லேசான வேலதானத்தா. நான் என்ன அவள மண்ணு வெட்டவா சொன்னேன்?"

"அவளுக்குப் பப்பாளி வேணும்னாலும் குடுங்க அத்தை, நான் வாயத் தொறக்க மாட்டேன். இந்தப் பைப்பக் குடுக்காதீங்க."

அத்தையின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப ஒம் மகள நாந்தான் இப்புடி ஆக்குனேங்கிறியா?"

ஆமாம் என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்லவும் மனம் வரவில்லை. அத்தை கூடையை இறக்கி வைத்து, முந்தானையை இடுப்பில் செருகி, பைப்பைத் தானே எடுத்துக்கொண்டார். கொழுந்தன் விட்ட இடத்திலிருந்து மறுபடி அடிக்கத் தொடங்கினார்.

நான் கொழுந்தன் மனைவியை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நாற்றம் எங்களுக்கு முன்பே வீட்டுக்கு வந்திருந்தது. ஜன்னலைச் சாத்தினேன், ஓட்டு இடுக்கில் இறங்கியது. என் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு ரோட்டுப் பக்கம் நடந்தேன். ரோட்டை ஒட்டிய அடுத்த கொல்லையிலும் மருந்தடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கேயும் பைப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் போனாள். அதைத் தாண்டியும் ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது.

கொழுந்தன் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, வயிற்றில் ஒரு கையை வைத்தபடி நின்றாள்.

"இன்னும் எம்புட்டுத் தூரம்க்கா போகணும்?" என்று கேட்டாள்.