ஃபிட்டரம்மாவும் இரண்டு வல்லரசுகளும்

நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைப் பம்ப்பின் பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதோரம் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார் ஃபிட்டரம்மா. காலை ஷிப்டில் ஆறு பம்ப்புகளுக்கும் இந்த மரியாதை உண்டு. ஐந்தாவதில் சற்று அதிகமாகவே நின்றவர், "சளி பிடிச்சிருக்கு" என்று முனகிவிட்டு கிரீஸ் டப்பாவை எடுக்கப் போகிறார்.

நகரத்துக் குடிநீர் ஏற்று நிலையத்தில் இருபத்தாறு வருடமாக ஃபிட்டர். ஐம்பதைத் தாண்டியவர். தொளதொளத்த காக்கிச் சட்டைப் பையில் நட்டுகளோடு புளிப்பு மிட்டாயும் கலந்து கிடக்கும். தவறி நட்டை வாயில் போட்டுக்கொண்டதும் உண்டு. ஊருக்கே தண்ணீர் ஏற்றுகிறவர் வீட்டுக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டுகிறது என்பது கணவரின் தீராத புகார்.

பம்ப்புகளில் மூன்று பச்சை, மூன்று நீலம். பச்சையை ஒரு வல்லரசு அன்பளிப்பாகத் தந்தது. ஆட்சி மாறியதும், 'நான் மட்டும் இளைத்தவனா' என்று இன்னொரு வல்லரசு நீலத்தைத் தந்தது. பச்சைக்கு அங்குலக் கணக்கு, நீலத்துக்கு மில்லிமீட்டர். இதன் ஸ்பானர் அதன் நட்டில் வழுக்கும். "ரெண்டும் ஓரகத்திங்க. பேச்சுவார்த்தை கிடையாது. ஆனா சமையல் ஒரே அடுப்புலதான்" என்பார், ஆறு பம்ப்பும் தண்ணீர் தள்ளும் ஒற்றைப் பெருங்குழாயைத் தட்டிக்காட்டி.

போன வருடம் எங்கோ தூரக் கடலில் இரண்டு வல்லரசுகளின் கப்பல்களும் முறைத்துக்கொண்டன. நாம் நீலத்தின் பக்கம் சாய்ந்துவிட்டோம் என்று பச்சைக்காரர்கள் உதிரிப் பாகங்களை நிறுத்தினார்கள். பச்சையைக் கழற்றி எறிந்தால்தான் தங்கள் பம்ப்புக்கு உத்தரவாதம் செல்லும் என்றார்கள் நீலக்காரர்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. மேலதிகாரி கழற்றச் சொல்லிவிட்டார். நீலம் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு மேட்டுத் தெருக்களுக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. பிரசவ ஆஸ்பத்திரி இருப்பதும் அங்கேதான்.

ஃபிட்டரம்மா வாதாடவில்லை. ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். "கழட்டிடறேன் சார். எந்தெந்தத் தெருவுக்குத் தண்ணி வராதுன்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க." தாள் மேசை மேசையாக ஏறி இறங்கி, வெள்ளையாகவே திரும்பி வந்தது.

மூன்றாம் மாதம் பெரிய பச்சை பம்ப்பின் சீல் கிழிந்தது. சுழலும் தண்டைச் சுற்றி நீர் கசியாமல் காக்கிற வளையம் அது. வேறு வாங்க வழியில்லை. மேட்டில் குடங்கள் காய்ந்தன. ஆஸ்பத்திரிக்கு லாரியில் தண்ணீர் போனது. ஸ்டோரில் நீலத்தின் சீல் இருந்தது. அளந்து பார்த்தார். பச்சையின் தண்டு இரண்டு அங்குலம்; நீலச் சீலின் துளை ஐம்பது மில்லி. இடித்தது ஒரு மில்லிக்கும் குறைவு. "இவ்வளவு பெரிய சண்டை, இங்க வந்து பாத்தா கட்டைவிரல் நகத்துக் கனம்தான்" என்று சொல்லிச் சிரிக்கிறார் இப்போது.

அன்று சிரிக்கவில்லை. தண்டைக் கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் தயங்கினார். இழை அதிகமாகச் சீவிவிட்டால் தண்டு குப்பைக்குத்தான். மாற்றுத் தண்டும் கிடையாது. "கெட்டுப்போனா என் தலை. நீங்க கை நடுங்காம செய்ங்க" என்று பக்கத்திலேயே நின்று, ஒவ்வொரு சீவலுக்கும் நிறுத்தச் சொல்லி அளந்தார். பயத்தில் வாயிலிருந்த மிட்டாயைச் சப்பக்கூட மறந்துபோனதாம். நான்காம் நாள் பச்சை பம்ப் நீல வளையத்தோடு ஓடியது. ஒரு சொட்டுக் கசியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஆயா ஒருத்தர் போன் செய்து, தண்ணீர் கொட்டும் சத்தத்தை மட்டும் கேட்கவிட்டு, போனை வைத்துவிட்டார்.

சென்ற மாதம் நீல நாட்டுப் பிரதிநிதிகள் நிலையத்தைப் பார்வையிட வந்தார்கள். அவர்கள் கண்ணில் படாதிருக்க, ஓடிக்கொண்டிருந்த பச்சை பம்ப்புகளுக்குத் தார்ப்பாய் போர்த்தச் சொன்னார் மேலதிகாரி. மூடினால் மோட்டார் சூடேறிவிடும் என்று ஃபிட்டரம்மா சொன்னது காதில் ஏறவில்லை. பத்தே நிமிடம்தானே என்றார்.

நட்புறவைப் பற்றிய பேச்சு அரைமணியைத் தாண்டியது. வரிசையில் நின்ற ஃபிட்டரம்மா விலகிப் போனார். தார்ப்பாய்க்குள் கையை விட்டு மோட்டாரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, எல்லோரும் பார்க்க அதை உருவி நான்காக மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தன் இடத்தில் வந்து நின்று பேச்சைக் கவனமாகக் கேட்கத் தொடங்கினார்.