வலிக்கவில்லை என்று நான் சொல்லவில்லை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். எழுத்து கோணல்மாணலாகப் போகும். மறதியும் அதிகம். மேலே என்ன எழுதினேன் என்று நடுவில் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. வாயால் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை எழுதியாவது வைக்கலாம் என்று மகனுடைய பழைய டைரியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

புயலில் முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்ததே, அதற்கு அடுத்த மாதம் என்று நினைக்கிறேன். நெய்வேலியில் எங்கள் குவார்ட்டர்ஸ் பின்னால் முருங்கை மரம் விழுந்து கிடந்தது. கிளையை ஓரமாக இழுத்துப் போடப் போய் எனக்குக் கழுத்தில் சுளுக்குப் பிடித்துக்கொண்டது. பால்காரர் கூப்பிட்டால்கூட முழு உடம்போடு திரும்பித்தான் பார்த்தேன்.

எதிர் குவார்ட்டர்ஸில் ஒருத்தி இருந்தாள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள், திருவதிகைக்காரி. அவளுக்கு இரட்டைப் பிள்ளைகள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கையால் எண்ணெய் போட்டு வழித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. அதனால் ரெண்டாம் ஷிப்டுக்கு ஆம்பிளைகளை அனுப்பிவிட்டு, பிளாக்குப் பெண்கள் அவள் வீட்டுப் பின்வாசலில் கூடிவிடுவார்கள். வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் சுளுக்கு. மற்றவர்களுக்குத் தோள் இறுக்கம், இடுப்பு வலி, வீட்டில் யாரோடாவது சண்டை. அவள் எல்லோருக்கும் ஒரே மாதிரி கரண்டியில் நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவருவாள். ஊரில் என்றால் உலக்கையை உருட்டி வழிப்பார்கள். குவார்ட்டர்ஸில் உலக்கைக்கு எங்கே போவது? அவள் சப்பாத்திக் கட்டை வைத்திருந்தாள்.

“ஏம்மா, நேத்து இதுலதான சப்பாத்தி தேச்ச?” என்று யாராவது கேட்பார்கள்.

“ஆமாண்டி, இன்னிக்கி உன்னத் தேய்க்கிறேன். நீ ஏற்கெனவே வட்டமாத்தான் கீற, எனக்கு வேலை கம்மி” என்பாள். பின்வாசலே சிரிக்கும்.

அவள் கையால் வழித்துக்கொள்ள ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. வழித்து முடித்ததும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். போயிட்டு வரேன் என்று சொன்னால் சுளுக்கும் கூடவே திரும்பி வந்துவிடுமாம்.

நான் அந்தக் கூட்டத்தில் போய் உட்கார்ந்ததே இல்லை. நாலு பேர் எதிரில் ரவிக்கையைத் தளர்த்தி உட்கார எனக்குக் கூச்சம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று சிரிப்பை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். அன்றைக்கு, கூட்டம் சேருவதற்கு முன்னால், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனேன்.

மணையில் உட்கார வைத்துவிட்டு அவள் பின்னால் உட்கார்ந்தாள். எண்ணெய்க் கை பட்டதும், “அக்கா, தோள எறக்குங்க” என்றாள்.

“எறக்கித்தான் இருக்கு.”

“எங்க எறக்கினீங்க? காதுக்கிட்ட தூக்கி வச்சிக்கினு கீறீங்க. யாருக்குக்கா இத்தத் தூக்கிக்கினே இருக்கீங்க?”

விளையாட்டாகத்தான் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் வேலை பார்த்தார். ரிடையர் ஆக நாலு வருஷம் இருக்கும்போது நெஞ்சுவலி வந்து போய்விட்டார். வேலையில் இருக்கும்போதே போனதால் அந்த வேலை மகனுக்குக் கிடைத்தது. முதல் நாள் கிளம்பும்போது வாசலில் நின்று, “அப்பா எடத்துக்கு நான் எப்படிம்மா போறது?” என்று அழுதான். “போப்பா, பஸ் போயிடப் போவுது” என்று அனுப்பி வைத்தேன். நான் அழுதால் அவன் அந்த வேலைச் சட்டையைப் போடமாட்டான் என்று பட்டது. அன்றிலிருந்து அவன் கண்ணில் படுகிற மாதிரி நான் அழுததில்லை. படாத மாதிரி அழவும் பழக்கம் விட்டுப்போனது. அதெல்லாம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று நான் யோசித்ததில்லை. அவள் கைக்குத் தெரிந்துவிட்டது.

அவள் அழுத்தவே இல்லை. கட்டையைக்கூட எடுக்கவில்லை. கழுத்திலிருந்து தோள் முனை வரைக்கும் பெருவிரலால் மெதுவாக, திரும்பத் திரும்ப வழித்தாள். அப்போது மைன்ஸில் வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழப் பார்த்தேன். அவள் ரெண்டு உள்ளங்கையையும் என் தோளில் அப்படியே வைத்து, “ஒண்ணுமில்லக்கா. வெடிதான். நான் புடிச்சிக்கினுதான் கீறேன்” என்றாள்.

அவ்வளவுதான். அவர் போன பிறகு ஒரு மனுஷக் கை என் மேல் அப்படி நின்றதில்லை. வாய்விட்டு அழுதுவிட்டேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது.

அவள் பயந்துபோய்க் கையை எடுத்தாள். “வலிச்சிச்சாக்கா? அழுத்திப்புட்டனா? சொல்லுங்கக்கா.”

நான் சொல்லவில்லை. பேசாமல் போக வேண்டும் என்ற வழக்கம் எனக்கு வசதியாகப் போய்விட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு எழுந்து வந்தேன். தெருவைத் தாண்டும்போது சைக்கிள் மணி கேட்டுத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தேன். சுளுக்கு விட்டிருந்தது.

மருமகள் என் முகத்தைப் பார்த்ததும், “என்ன அத்தை, கழுத்து ரொம்ப வலிக்குதா?” என்றாள். இல்லை என்றால் ஏன் அழுதீங்க என்று கேட்பாள். சொன்னால் ராத்திரி மகன் காதுக்குப் போகும். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டல்தான் நான் செய்த தப்பு.

மருமகள் நேராக எதிர் வீட்டுக்குப் போனாள். அதற்குள் பெண்கள் கூடியிருந்தார்கள்.

“ஏங்க, வயசானவங்கள இப்படியா போட்டு அழுத்துவீங்க? நரம்பு ஏதாவது ஆயிருந்தா யாரு பாக்கிறது?”

“மெதுவாத்தான்மா வழிச்சேன். அக்காவையே கூப்பிட்டுக் கேளேன்.”

“அழுதுகிட்டு வந்தவங்கள என்னத்தக் கேக்கிறது?”

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பத்தடி நடந்து போய் ‘வலிக்கல’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இத்தனை பேர் எதிரில் போய் எப்படி என்று நின்றேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். மகனுக்கு மனசு கேட்காமல் மருந்துக் கடையில் கழுத்துப் பட்டை ஒன்று வாங்கி வந்தான். அவன் ஆசையாக வாங்கியது என்று பதினைந்து நாள் போட்டுக்கொண்டேன். உள்ளே கழுத்து நன்றாகத் திரும்பும். ஆனால் தண்ணீர் பிடிக்கப் போனாலும், காய் வாங்கப் போனாலும் அந்தப் பட்டையைப் பிளாக்கு முழுவதும் பார்த்தது. நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் பின்வாசலுக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். பிறகு யாருமே வரவில்லை. நான் ஜன்னலண்டை நின்றால் சிரிப்புச் சத்தம் கேட்காது. அவள் தனியாகப் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்கும்.

அடுத்த வருஷம் அவள் வீட்டுக்காரர் ரிடையர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுத் திருவதிகைக்கே போனார்கள். சாமான் ஏற்றும்போது அவள் எங்கள் வாசலைப் பார்த்தாள். நான் சமையல் கட்டுக்குள் போய்விட்டேன்.

நாலைந்து வருஷம் கழித்துப் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டில் அவளே என்னைப் பார்த்து ஓடி வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு முதலில் கேட்டது, “கழுத்து எப்படிக்கா இருக்குது?”

“இப்ப பரவால்லம்மா” என்றேன்.

பழக்கத்தில் வந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் நான் அதைத்தான் சொல்வேன். சொன்ன பிறகுதான் புரிந்தது, அப்படிச் சொன்னால் இத்தனை நாள் வலி இருந்தது என்று ஆகிறதே.

“நல்லாருங்கக்கா” என்றாள். “அதுக்கப்பறம் நான் யாருக்கும் வழிக்கிறதில்ல. என் மவ புள்ள பெத்து வந்தப்பகூட ஆள் வச்சிதான் எண்ண தேச்சேன். கைய வச்சா உங்க அழுகதான் காதுல கேக்குது.”

நெய்வேலி பஸ் வந்துவிட்டது. என் பையை அவளே மேலே ஏற்றிக் கொடுத்தாள். உட்கார்ந்து ஜன்னல் வழியாகச் சொல்லிவிடலாம் என்று பார்த்தேன். எனக்குக் கிடைத்த சீட்டின் ஜன்னல் அவள் நின்றதற்கு எதிர்ப் பக்கம் இருந்தது.

இப்போதும் என் தோள் காதுக்கிட்டேதான் இருக்கிறது. எறக்குங்க என்று சொல்ல ஆள் இல்லை.

அந்த வருஷங்களில் எங்கள் பிளாக்கில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் சரிபார்த்துக் கொடுங்கள். புயலுக்கு அடுத்த மாதமா, அதற்கும் அடுத்ததா தெரியவில்லை. இரட்டையில் ரெண்டும் பெண்ணா, ஒன்று பையனா என்பதும் மறந்துவிட்டது. பட்டை போட்டது பதினைந்து நாள்தானா என்று என் மருமகளைக் கேளுங்கள். திருவதிகையில் அவள் வீடு தெரிந்தவர்கள் அவளிடமும் படித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவளே திருத்தட்டும். வலித்ததா என்பதை மட்டும் திருத்த வேண்டாம். வலிக்கவில்லை.