வராதவர் இடத்தில் நின்ற அத்தை

எங்கள் அத்தை தங்கபுஷ்பத்தைப் பற்றிச் சபைப் பத்திரிகையில் நாலு வரி போட்டார்கள். இசைச் சேவை ஆற்றியவராம். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேவையா செய்தாள் அவள்? சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் அவளுக்குப் பாட்டுப் பைத்தியம் பிடித்துவிடும், அவ்வளவுதான். அதை அப்படியே போட்டிருந்தால் சிரித்திருப்பாள்.

என் அப்பாவின் அக்கா அவள். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் கருப்பட்டி மொத்தக் கடை வைத்த குடும்பம் எங்களுடையது. அவள் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம், "மாப்பிள்ளைக்கு என்ன குரலுன்னு கேட்டுட்டு வாங்க, டெனருன்னா யோசிக்கேன்" என்பாளாம். ஆண்களில் மேல் குரல் பாடுகிறவரை டெனர் என்பார்கள். எங்கள் சர்ச்சுப் பாடகர் குழுவில், அதாவது கொயரில், அதற்கு எப்போதும் பஞ்சம்.

பகலெல்லாம் கடையில் இருப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் கருப்பட்டிச் சிப்பங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, பின்னால் இருக்கும் குடோனிலேயே கொயருக்குப் பயிற்சி. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சுவரில் கரியால் டோ, ரே, மீ என்று தமிழில் எழுதி வைத்திருந்தாள். எனக்குப் பாட்டு சுட்டுப்போட்டாலும் வராது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு மூட்டை மேல் உட்கார்ந்து கேட்பேன்.

சொல்லிக் கொடுக்கும்போது அவளுக்கு வாய் நீளம். அன்பரசன் துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன், அடிக்குரல் பாடுவான். முதல் நாள் அவன் வாயைத் திறந்ததும் நிறுத்திவிட்டாள்.

"ஏல, ஹாரன் அடிக்காத. பக்கத்துல நிக்கவன் குரலு ஒனக்குக் கேக்கணும். கேக்கலன்னா நீ பாடல, சத்தம் போடுத."

"இன்னாக்கா நீ, வண்டிக்காரனாண்ட வந்து மெல்லமா பாடுன்றே" என்று முனகினான். முனகிக்கொண்டே வருஷக்கணக்காக வந்தான்.

ஆனால் இந்தப் பக்கத்து ஜனங்களை ஒரே நேரத்தில் ஓரிடத்தில் நிறுத்துவது லேசா? அன்பரசன் வரும் நாளில், எண்ணூருக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தில் வேலை பார்க்கும் டெனர் சாலமோனுக்கு ஷிப்ட். சாலமோன் வரும் நாளில் அன்பரசன் துறைமுக வாசலில் கன்டெய்னர் வண்டி வரிசையில் நின்றுகொண்டு போன் பண்ணுவான். பெண்களில் யாருக்காவது ஓவர்டைம். ஆள் குறையாமல் கொயர் நின்ற நாள் என்று ஒன்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

அதற்கு அத்தை ஒரு வழி வைத்திருந்தாள். எல்லாரையும் அரைவட்டமாக நிறுத்துவாள். அவளுக்கு நடுவில் ஓர் இடம். யார் வரவில்லையோ, அந்த இடத்துக்குப் போய் நின்று அவர்கள் பாகத்தைத் தானே பாடுவாள். அன்பரசனின் அடிக்குரல் பாகத்தையும் தன் குரலுக்கு ஏற்றிப் பாடுவாள். "வராதவன் எடம் காலியா கெடக்கக் கூடாது. கெடந்தா பக்கத்துல நிக்கவன் பாட்டு சாஞ்சிரும்" என்பாள். இப்படி இங்கும் அங்கும் ஓடி ஓடியே அவள் காலம் போனது. பெண்களில் இரண்டு, ஆண்களில் இரண்டு என்று நாலு குரலும் நிரம்பி நிற்க, தான் நடுவிலேயே நின்று ஒரே ஒரு தடவை கேட்க வேண்டும். அவள் வாய்விட்டுக் கேட்ட ஒரே ஆசை அதுதான்.

கீபோர்டு அவளுக்கு ஆகாது. கரண்ட் போனால் பெட்டியும் ஊமை, பாடுகிறவனும் ஊமை என்று திட்டுவாள். சுருதி அவளேதான் கொடுப்பாள். நெஞ்சில் கையை வைத்து, மூக்கால் 'ம்' என்று ஓர் இழுப்பு. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் தொடங்குவார்கள்.

குடோனுக்கும், பக்கத்தில் லியாகத் அலி பாயின் கயிறு, தார்ப்பாய் கடைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். ஆரம்பத்தில் அவர் சண்டைக்கு வந்தார்.

"ஒரே வரிய எத்தினி வாட்டிக்கா பாடுவீங்கோ? பேஜாரா கீது. அடுத்த வரிக்குப் போங்கோ."

"இந்த வரி ஒழுங்கா வந்தா போவோம் பாய்."

பிறகு பயிற்சி இல்லாத வாரம் அவரே வந்து, "இன்னாக்கா, சத்தத்தையே காணோம், ஒடம்பு கிடம்பு சரியில்லயா" என்று விசாரிக்க ஆரம்பித்தார்.

போன மழைக்காலத்தில் உண்மையாகவே உடம்பு சரியில்லாமல் போனது. நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி சுஜா, என் அடக்கத்துக்குக் கீபோர்டு வச்சிராத. நாலு குரலும் நிக்கணும். எவனாவது வரலன்னா அவன் எடத்துல நிக்க நான் இருக்க மாட்டேன் பாத்துக்க."

"பேசாம கஞ்சியைக் குடிங்க" என்று அதட்டினேன். எனக்கு அழுகை வந்தால் கோபமாகத்தான் வரும்.

காசிமேடு கல்லறைத் தோட்டத்துக்கு எல்லாரும் வந்தார்கள். அன்பரசன் வரிசையில் நின்ற வண்டியைத் தெரிந்தவனிடம் ஒப்படைத்துவிட்டு ஓடி வந்தான். சாலமோன் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தான். ஒருத்தர் பாக்கியில்லை. குழிக்கு அந்தப் பக்கம் அரைவட்டமாக நின்றார்கள். பாஸ்டர் ஜெபம் முடித்துத் தலையசைத்தார். அவளுக்குப் பிடித்த மாலை நேரப் பாட்டைப் பாட வேண்டும்.

யாரும் தொடங்கவில்லை. எல்லாரும் நடுவில் அவள் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுருதிக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் அதை யாரும் கற்றுக்கொள்ளவே இல்லை. அவளும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தவள் இதை மறந்துவிட்டாள்.

சாலமோன் தைரியமாக ஒரு சுருதி பிடித்தான். உயரம் தாங்காமல் பெண்கள் குரல் கீச்சிட்டது. நிறுத்திவிட்டார்கள். அன்பரசன் போனை எடுத்து அதில் கீபோர்டைத் தேடித் தட்டினான். "போனை உள்ள வை, பெட்டி வேண்டாம்னு சொல்லிட்டுத்தானே போனாங்க" என்று கல்லறைத் தோட்டம் என்றும் பாராமல் கத்திவிட்டேன். அவள் கேட்ட ஒன்றையும் செய்ய முடியாமல் மண்ணைத் தள்ளப் போகிறோமே என்று நினைத்தேன்.

அப்போது எங்களுக்குப் பின்னாலிருந்து அந்த 'ம்' வந்தது. அவள் இழுக்கும் அதே இழுப்பு, அதே சுருதி. திரும்பினால் லியாகத் அலி பாய், தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, கண்ணை மூடி நிற்கிறார்.

அன்பரசன் வந்து அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தினான். பாய் இன்னொரு தடவை கொடுத்தார். பாட்டு எழும்பியது. நாலு குரலும், ஆள் குறையாமல். பக்கத்தில் நிற்பவன் குரல் கேட்கும்படி அன்பரசன் எத்தனை மெல்லப் பாடினான் தெரியுமா? அவள் ஆயுசெல்லாம் கேட்க ஏங்கினதை நான் கேட்டேன். பாட்டு வராத கழுதை நான் கேட்டேன்.

முடிந்ததும் பாய் என்னிடம் வந்தார். "அக்கா எடத்துல நின்னுட்டேன், தப்பா நெனச்சுக்காதமா. செவுத்துக்கு அந்தாண்ட கேட்டுக் கேட்டு மண்டையில நின்னுகிச்சு."

"அந்த இடம் காலியா இருக்கக் கூடாது பாய்" என்றேன்.

என் போனில் கொயர் பாடிய பாட்டு ஏகப்பட்டது கிடக்கிறது. ஒன்றிலும் அவளுடைய 'ம்' இல்லை. அது முடிந்த பிறகுதானே ரெக்கார்டை அமுக்குவோம். அந்த ஒரு சத்தத்துக்காக இன்றைக்கும் ஏங்கிக்கிடக்கிறேன்.

அடக்கத்துக்கு மறு வாரம் சனிக்கிழமை, சிப்பங்களைத் தள்ளி வைத்து டீ போட்டேன். நாலைந்து பேர்தான் வந்தார்கள். அன்பரசன் வரிசையில் மாட்டிக்கொண்டான், சாலமோனுக்கு ஷிப்ட். நான் சுவரைத் தட்டினேன். "பாய், குடுங்க."

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சுருதி வந்தது. வந்தவர்கள் பாடினார்கள். வராதவர்கள் இடத்துக்கு ஓட ஆள் இல்லை. பாட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. எனக்கே கேட்டது.